வீட்டுல கேட்டுச் சொல்றேன்

கம்ப்யூட்டர்காரர் வீட்டில் தொலைபேசி சமையலறையில் இருந்தது, ஃப்ரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவே. முதலில் அது கூடத்தில்தான் இருந்தது. கூடத்தில் அடிக்கிற மணிக்கு அடுப்பை விட்டு ஓடி ஓடி அலுத்துப்போன வீட்டுக்காரி, ஒரு நாள் அதை வயரோடு பிடுங்கிக்கொண்டு போய் அங்கே மாட்டிவிட்டாள். "ஓடுறது நான். எனக்குப் பக்கத்துலயே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். அவர் ஆட்சேபிக்கவில்லை. பகலில் வீட்டில் தங்கினால்தானே ஆட்சேபிக்க.

ஊரில் சின்னதும் நடுத்தரமுமாக எத்தனையோ கடைகள், ஆபீஸ்கள். கம்ப்யூட்டர் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. அதைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்கவும் கட்டாது. அந்த இடுக்கில்தான் இவர் பிழைப்பு. பல் டாக்டர், டைல்ஸ் கடை, அச்சகம், லாரி ஆபீஸ், எல்லாவற்றையும் விடப் பெரிதாக மருந்து மொத்தக் கடை. ஸ்கூட்டர் பெட்டியில் ஸ்க்ரூடிரைவர் செட் ஒன்று, நாலைந்து வயர், தூசி தட்ட ஒரு பழைய பல் பிரஷ். காலையில் எட்டரைக்குக் கிளம்பினால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்புவார்.

அவர் தெருவில் இருக்கும்போது கூப்பிடுகிறவர்களுக்கு வீட்டுக்காரி ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். முதல் வருஷம், "அவர் வந்ததும் சொல்றேங்க" என்பதோடு சரி. இரண்டாவது வருஷம், வந்ததும் அவர் என்னென்ன கேட்பார் என்பது மனப்பாடமாகிவிட, அதையெல்லாம் இவளே முன்கூட்டிக் கேட்டு வைக்க ஆரம்பித்தாள். பச்சை விளக்கா, சிவப்பு விளக்கா? சத்தம் வருதா? கடைசியா யாரு தொட்டது? மூன்றாவது வருஷத்திலிருந்து, இவள் கேட்டு முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும். ஒரு கையில் கரண்டி, தோளுக்கும் காதுக்கும் நடுவே ரிசீவர். "அந்த வயரைப் பிடுங்கி மறுபடி சொருகுங்க சார். பயப்படாதீங்க, கடிக்காது" என்பாள்.

இதை ஒரு உத்தியோகம் என்று அவர் நினைத்ததில்லை. அவளும் நினைத்ததில்லை. வாடிக்கைக்காரர்கள் வழியில் பார்த்தால், "நேத்து உங்க வீட்டுல சொன்னாங்க, சரியாயிடுச்சு" என்பார்கள். எந்தக் கடையில் எந்தப் பிரிண்டரை எப்போது மாற்றினோம் என்று கேட்டால் அவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்று தப்பித்துக்கொள்வார். வீட்டில் டைரி இருந்தது. வருஷா வருஷம் மருந்துக் கடை இலவசமாகக் கொடுக்கிற டைரி. பதினாறு வருஷத்துக்குப் பதினாறு, ஃப்ரிட்ஜின் தலையில் அடுக்கி வைத்திருந்தாள். கூப்பிடுகிறவர் வாயிலிருந்து என்ன வந்ததோ அதை அப்படியே எழுதுவாள்: தூங்குது, கண்ணைச் சிமிட்டுது, முறைக்குது, பூட்டிக்கிச்சு. எதிரே, என்ன செய்தால் சரியானது என்று ஒரு வரி.

ஊரில் காற்று மாறினது டைல்ஸ் கடையில். ஒரு நாள் காலை அங்கே எந்த ஃபைலும் திறக்கவில்லை. எங்கிருந்தோ வந்த வைரஸ் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, பணம் அனுப்பினால்தான் சாவி என்று திரையில் எழுதி வைத்திருந்தது. கம்ப்யூட்டர்காரர் தம் வீட்டுத் துணி அலமாரியில் அந்த ஃபைல்களுக்கு ஒரு நகல் வைத்திருந்தார். அது ஒன்பது நாள் பழசு. ஒன்பது நாள் கணக்கையும் டைல்ஸ்காரர் உட்கார்ந்து மறுபடி அடித்தார். வாய் திறந்து ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அடுத்த மாதம் வேறு ஊரிலிருக்கிற ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்.

அந்தக் கம்பெனிக்கு மாதச் சந்தா கட்டினால் போதும். அங்கே உட்கார்ந்தபடியே நூறு ஊர்க் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வார்கள். உள்ளே ஒரு மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் கடைக்காரருக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும். நகல் ஒரு மணிக்கு ஒரு தடவை தானாக எடுபடும். டைல்ஸ் கடைக்குப் பின்னால் பல் டாக்டர் போனார், லாரி ஆபீஸ் போனது. யாரும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. எல்லாரும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். கம்ப்யூட்டர்காரரால் கோபப்படக்கூட முடியவில்லை. அவரே ஒரு கடை வைத்திருந்தால் அவரும் அதைத்தான் செய்திருப்பார்.

கடைசியில் மருந்து மொத்தக் கடை முதலாளியும் ஒரு நாள் டீ சொன்னார். மேஜையில் டம்ளரைப் பார்த்ததுமே கம்ப்யூட்டர்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் முதலாளி. "மருந்து தயாரிக்கிறவன் எல்லாம் பேப்பர் கேக்கறான். உங்க சிஸ்டத்தை யாரு பாத்துக்கறாங்க, அவங்க சர்டிஃபிகேட் எங்கேன்னு. நான் யாரைக் காட்டுறது?"

"என்னைக் காட்டலாம் சார். எனக்கு நானே சர்டிஃபிகேட் குடுத்துக்க முடியாதே."

முதலாளி சிரிக்கவில்லை. "அந்தச் சந்தாக் கம்பெனிக்காரங்ககிட்ட ஒண்ணு சொல்லியிருக்கேன். இந்த ஊர்ல நேர்ல போய்ப் பாக்கறதுக்கு ஒரு ஆள் வேணுமில்லையா? உங்களையே வெச்சுக்கச் சொன்னேன். நீங்க எழுதிக் குடுக்கற ஒப்படைப்புப் பேப்பர் எப்படி இருக்குன்னு பாத்துட்டு முடிவு சொல்றோம்னாங்க. நல்லா எழுதிக் குடுத்துடுங்க."

ஐம்பத்து மூன்று வயதில் இனிமேல் யார் வேலை தரப்போகிறார்கள்? அச்சகத்தையும் இரண்டு சின்னக் கடைகளையும் வைத்துக்கொண்டு வீட்டு வாடகையைக்கூடத் தாண்ட முடியாது. அந்த ஒரு இடம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதை அவர் வீட்டில் வந்து சொன்னபோது வீட்டுக்காரி, "என்ன எழுதணும்?" என்று மட்டும் கேட்டாள்.

பதினான்கு பக்கப் படிவம். முதல் பக்கங்கள் அவருக்குத் தெரிந்தவை: எத்தனை மெஷின், எந்த வருஷத்து மாடல். மீதி பத்துப் பக்கமும் ஒரே அட்டவணை. இதுவரை வந்த பிரச்சினை, காரணம், தீர்வு, எங்கிருந்து தீர்க்கப்பட்டது. இடம் போதாவிட்டால் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம் என்று அடியில் போட்டிருந்தது. அவர் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு சமையலறைக்கே வந்து உட்கார்ந்தார். அவள் டைரிகளை இறக்கி, மருந்துக் கடை சம்பந்தப்பட்டதை மட்டும் வாசித்தாள்.

"பில் அக்கா. பூட்டிக்கிச்சு. ஸ்டாம்ப் டப்பாவை நகர்த்தி, கேப்ஸ் லாக்கை மறுபடி தட்டினதும் சரி."

பில் அக்கா என்பவர் மருந்துக் கடையில் இருபது வருஷமாகப் பில் போடுகிறவர். கீபோர்டின் இடது ஓரத்தில் ரப்பர் ஸ்டாம்ப் டப்பாவை வைக்கிற பழக்கம் அவருக்கு. டப்பா கேப்ஸ் லாக் பொத்தான் மேல் ஏறி அதை அழுத்திவிடும். பாஸ்வேர்டு எல்லாம் பெரிய எழுத்தில் விழும். மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக் உறைக்கடியில் கேப்ஸ் லாக் விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்காரி அந்த ஆபீசைப் பார்த்ததே இல்லை, பில் அக்காவின் முகத்தையும் பார்த்ததில்லை. டப்பா எங்கே இருக்கும் என்பது மட்டும் தெரியும்.

அவர் தட்டெழுதியதை எட்டிப் பார்த்தவள், "என்ன இது, 'கடவுச்சொல் உள்ளீட்டுப் பிழை'?" என்றாள்.

"அதுதான் இது."

"அந்தம்மா ஒரு நாளும் அப்படிச் சொல்லலையே. பூட்டிக்கிச்சுன்னுதான் சொல்வாங்க. சொன்னபடியே போடுங்க."

"கம்பெனிக்குப் போற பேப்பர்மா. அதுல பூட்டிக்கிச்சு, தூங்குது, முறைக்குதுன்னு எழுதினா சிரிப்பானா மாட்டானா? நம்மளை ஒரு மனுஷனா மதிக்க வேண்டாமா?"

"கூப்பிடப்போறது அந்தம்மாதானே. கம்பெனிக்காரனா கூப்பிடப்போறான்?"

"நீ வாசி."

வாசித்தாள். 'தூங்குது' என்பது 'அச்சு வரிசைத் தடை' ஆயிற்று. 'முறைக்குது' என்பது 'திரைத் தெளிவுக் குறைபாடு' ஆயிற்று. எழுத எழுத அவருக்கே தம் மேல் ஒரு மரியாதை வந்தது. கடைசிக் கட்டத்தில், எங்கிருந்து தீர்க்கப்பட்டது என்ற இடத்தில் மட்டும் நல்ல வார்த்தை ஒன்றும் அகப்படவில்லை. நேரில் போனவற்றுக்கு 'நேரில்' என்று போட்டார். மற்றதற்கெல்லாம், வாயில் எப்போதும் வருகிறபடி, 'வீட்டுல' என்று போட்டார். நாலு சாயங்காலம் ஆயிற்று முடிக்க. அனுப்புகிற பொத்தானை அழுத்திவிட்டு, "பிரமாதமா வந்திருக்கு" என்றார். அவள் டைரிகளைத் துடைத்து ஃப்ரிட்ஜ் தலையில் ஏற்றினாள்.

பொறுப்பு கைமாறியது ஒரு திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குச் சமையலறைத் தொலைபேசி அடித்தது. போக இடமில்லாததால் கம்ப்யூட்டர்காரர் வீட்டில்தான் இருந்தார், வெங்காயம் உரித்துக்கொண்டு.

"ஏம்மா, நான்தான்" என்றது பில் அக்காவின் குரல். ரிசீவரைத் தாண்டி அவருக்கும் கேட்டது. "இங்க ஒரே களேபரம்மா. காலையில பூட்டிக்கிச்சு. புது ஆளுங்க, ஃபோன்ல எழுதி அனுப்பணும்னு சொல்லியிருக்காங்கல்ல? நானும் எழுதினேன். 'சிஸ்டம் பூட்டிக்கிச்சு, எதுவும் திறக்கல'ன்னு. அஞ்சு நிமிஷம் ஆகல, மொத்த ஆபீசும் நின்னுபோச்சு. யாரு மெஷினும் வேலை செய்யல. ஏதோ வைரஸ் வந்து பூட்டிடுச்சாம், யாரும் எதையும் தொடக்கூடாதாம், ஒண்ணொண்ணாப் பரிசோதிக்க நாளை மத்தியானம் ஆகுமாம்."

"அக்கா, ஸ்டாம்ப் டப்பா எங்க இருக்கு?"

"ஐயையோ" என்றார் பில் அக்கா.

"சரி, பதறாதீங்க. வண்டி கிளம்பிடுச்சா?"

"எங்கேம்மா கிளம்பறது? பில் இல்லாம மருந்து வெளிய போகக்கூடாது. இன்சுலின் பதினோரு பெட்டி ஐஸ் வெச்சுக் கட்டி வாசல்ல நிக்குது. வெயில் ஏறுது. ஆஸ்பத்திரிலேருந்து ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு. முதலாளி விமானத்துல இருக்காரு, ஃபோன் போகல. நான் சொன்னா அந்தக் கம்பெனிக்காரங்க நம்ப மாட்டேங்கறாங்க. 'அம்மா, நீங்க எதையும் தொடாதீங்க'ன்னே சொல்றாங்க."

வீட்டுக்காரி ரிசீவரை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் வெங்காயத்தைப் பார்த்தார்.

"அந்தக் கம்பெனி நம்பர் எங்க?"

"நாம தலையிடக்கூடாது. நேத்தோட நம்ம பொறுப்பு முடிஞ்சுது. வெளியாள் கை வெச்சா ஒப்பந்தத்துக்கே விரோதம்னு எழுதியிருக்கான். அந்த வேலைக்கு என் பேரு அவன் மேஜைல இருக்கு இப்போ. இப்பப் போய் நீ அவனுக்குப் பாடம் எடுத்தா?"

"ஐஸ் உருகுதுங்க" என்றாள் அவள்.

அவர் நம்பரைச் சொன்னார்.

தமிழுக்கு ஒன்றை அழுத்தி, புகாருக்கு மூன்றை அழுத்தி, இசையைக் கேட்டு, கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. வீட்டுக்காரி கைபேசியில் ஸ்பீக்கரைப் போட்டு அலமாரி மேல் வைத்துக்கொண்டாள். வாடிக்கையாளர் எண் கேட்டார்கள். இல்லை என்றாள். எந்த நிறுவனத்திலிருந்து என்று கேட்டார்கள். மருந்துக் கடை விஷயம், ஆனால் அங்கிருந்து பேசவில்லை என்றாள்.

"அப்ப நீங்க யாரு மேடம் பேசறது?"

பதினாறு வருஷமாக இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்லிப் பழக்கம். "சார் வீட்டுல பேசறேன்."

"எங்கேருந்து?"

"வீட்டுலங்க. கம்ப்யூட்டர் சார் வீட்டுல."

அந்தப் பக்கம் ஏதோ நாற்காலி நகர்ந்தது. வாயைப் பொத்திக்கொண்டு யாரையோ கூப்பிட்டார்கள். பொத்தினது சரியாகப் பொத்தவில்லை. "மேடம், மேடம்! 'வீட்டுல' லைன்ல இருக்கு!"

வேறு குரல் வந்தது, கொஞ்சம் வயதான பெண் குரல். "நான் இங்க மேற்பார்வை பாக்கறேன். உங்ககிட்டேருந்து வந்த ஒப்படைப்புல நானூத்திப் பன்னெண்டு பிரச்சினை 'வீட்டுல' தீர்ந்திருக்குன்னு இருக்கு. மூணு நாளா எங்க ஆளுங்க அது என்ன சாஃப்ட்வேர்னு தேடிக்கிட்டிருக்காங்க. எங்கயும் கிடைக்கல. நீங்கதானா அது?"

"நான்தாங்க" என்றாள் வீட்டுக்காரி. "அது இருக்கட்டும், அப்புறம் பேசலாம். அங்க வைரஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. கேப்ஸ் லாக். அந்தம்மாவுக்குப் பாஸ்வேர்டு ஏறலைன்னா பூட்டிக்கிச்சும்பாங்க."

மேற்பார்வை அம்மாள் நிதானமானவள். யாரிடமோ அந்த ஒரு மெஷினைப் பார்க்கச் சொன்னாள். "ஒன்பது தடவை தப்பான பாஸ்வேர்டு. வேற எதுவும் தெரியல" என்று பதில் வந்தது. "நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா போன வாரம்தான் இன்னொரு இடத்துல நிஜமாவே பூட்டு விழுந்துச்சு. அதனால பூட்டுங்கிற வார்த்தை வந்தாலே மொத்தமாத் துண்டிச்சுடணும்னு இங்க விதி. திறக்கணும்னா, இதே புகார் முன்னாடி வந்து சாதாரணமாத் தீர்ந்திருக்குன்னு எழுத்துல பதிவு வேணும்."

"இருக்கே! உங்க கையில இருக்கிற பேப்பர்லயே இருக்கு. முப்பத்தேழு தடவை வந்திருக்கு. 'பூட்டிக்கிச்சு'ன்னு தேடுங்க."

தட்டுகிற சத்தம் கேட்டது. கம்ப்யூட்டர்காரர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்படி ஒரு வார்த்தையே இதுல இல்லையே" என்றாள் மேற்பார்வை அம்மாள்.

வீட்டுக்காரி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். டைரியைத் தேடுகிறவள்போல ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பி நின்றாள். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று ஒரு நொடி அவருக்குத் தோன்றியது. டைரியை வாசித்துக்காட்டி அவளே சமாளித்துவிடுவாள். இவர் பெயர் மேஜையிலேயே இருக்கும்.

அவர் எழுந்து வந்து கைபேசியை எடுத்தார். கையெல்லாம் வெங்காயத் தோல்.

"மேடம், ஒப்படைப்பு எழுதினது நான். அவங்க சொன்னதை அப்படியே எழுதாம, பாக்க நல்லா இருக்கணும்னு நான்தான் வார்த்தையை மாத்தினேன். 'கடவுச்சொல் உள்ளீட்டுப் பிழை'ன்னு தேடுங்க. அதுவும் பூட்டிக்கிச்சும் ஒண்ணுதான். தப்பு என்னோடது."

மறுபடி தட்டுகிற சத்தம். "முப்பத்தேழு" என்றாள் மேற்பார்வை அம்மாள். "எல்லாம் ஒரே மெஷின். எல்லாம் 'வீட்டுல'." பிறகு, "இப்படித்தான் எல்லா வார்த்தையையும் மாத்தியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையும்தான் மேடம்."

இருபது நிமிஷத்தில் மருந்துக் கடை திறந்துகொண்டது. பதினொன்றேகாலுக்குப் பில் அக்கா கூப்பிட்டு, வண்டி போய்விட்டது, ஐஸ் பாதி இருக்கிறது என்றார். டப்பாவைத் தூக்கி ஜன்னலில் வைத்துவிட்டாராம். வீட்டுக்காரி அதை டைரியில் எழுதினாள். கம்ப்யூட்டர்காரர் மிச்ச வெங்காயத்தை உரித்தார்.

மூன்று வாரம் கழித்து மேற்பார்வை அம்மாள் கூப்பிட்டாள். அவரிடம்தான் முதலில் பேசினாள், மரியாதையாகவே. உள்ளூரில் ஆள் வைக்கிற யோசனையைக் கைவிட்டுவிட்டார்கள். மெஷின் கெட்டால் புது மெஷினைக் கூரியரில் அனுப்புகிறார்கள், அதுதான் கட்டுப்படியாகிறது. வார்த்தை மாற்றினதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவளாகவே சொன்னாள். அதை நம்புவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. "உங்க வீட்டுல இருக்காங்களா?" என்றாள் அதற்கப்புறம்.

முதல் அழைப்பை எடுக்கிற வேலை. இந்த ஊர்க் கடைகள் மட்டும், வீட்டிலிருந்தே. மடிக்கணினியும் காதில் மாட்டுகிற கருவியும் அவர்களே அனுப்புவார்கள். பதினாறு டைரியையும் ஒரு பிரதி எடுக்க அனுமதி வேண்டும், வார்த்தை ஒன்றுகூட மாற்றாமல்.

வீட்டுக்காரி ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். அவருக்குச் சந்தோஷம் வந்தது. அதற்கு முன்னாலேயே சுருக்கென்று ஒன்று தைத்தது, அதுவும் உண்மை. அடுப்படியில் நின்றுகொண்டு சும்மா ஃபோனில் பேசுகிறாள் என்று பதினாறு வருஷம் நினைத்திருந்தார். இதற்குப் பெயர் வேலை என்று வேறு ஊரிலிருந்து ஒருத்தி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

விண்ணப்பத்தை வழக்கம்போல அவரே தட்டெழுதினார். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பதில் சொன்னாள். முழுப் பெயர், பிறந்த தேதி, படிப்பு. 'முன் அனுபவம்' என்று வந்ததும் அவர் விரல்கள் தம் பாட்டுக்கு 'இல்' என்று அடித்துவிட்டன. குழாய்ச் சத்தம் நின்றது. அவர் அதை அழித்தார்.

"பதினாறு வருஷம்" என்றாள்.

"எந்த நிறுவனத்துலன்னு கேக்குது."

"உங்க நிறுவனத்துலதான். சம்பளம் எவ்வளவுன்னு கேக்குதா?"

"கேக்குது" என்றார். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் நகரவில்லை. பூஜ்யம் என்று போட்டார். படிவம் அதை ஏற்றுக்கொண்டது.

முதல் தேதியிலிருந்து அவள் கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டால் வேறு சத்தம் கேட்காது. பத்து மணிக்குச் சமையலறைத் தொலைபேசி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டர்காரர் போய் எடுத்தார். அச்சகத்துக்காரர்.

"சார், நீங்களா? வீட்டுல இல்லையா?"

"நான்தான் வீட்டுல. சொல்லுங்க."

"இது காலையிலேருந்து முறைக்குது சார்."

அவர் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இந்த வருஷத்து டைரியை இறக்கி, தேதி போட்டார். அச்சகம் என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில், முறைக்குது என்று எழுதினார்.

"பச்சை விளக்கா, சிவப்பு விளக்கா?" என்று கேட்டார்.